மார்கழி வந்தால் உதடு ஏன் வெடிக்கிறது? வேலூர் மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் சின்னதாக ஒரு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தீபத்துக்குத் திருவண்ணாமலை போன கூட்டம் ஊர் திரும்பியதும் கடையில் வியாபாரத்தின் முகமே மாறிவிடும். இருமல் மருந்து, தைலம், அப்புறம் உதட்டுக்கு ஏதாவது. "அண்ணா, சிரிக்கவே முடியல, ரத்தம் வருது" என்று வாயை விரல்களால் மறைத்துக்கொண்டு வருவார்கள். வருடா வருடம் அதே கேள்விகள்தான். கவுண்டரில் நின்று முழுதாகப் பதில் சொல்லப் பின்னால் நிற்பவர் விடுவதில்லை. அதனால் இங்கே.

வேலூரில் அப்படி என்ன குளிர்?

வெயிலூர் என்று பேர் வாங்கிய ஊர்தான், மறுக்கவில்லை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வடநாட்டுக்காரர்கள் நாம் குல்லா போட்டுக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனாலும் டிசம்பர், ஜனவரி விடியலில் 15, 16 டிகிரிக்கு இறங்கும் நாட்கள் இங்கே உண்டு. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? தேங்காய் எண்ணெய் பாட்டில். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும். எண்ணெயைக் கரண்டியால் சுரண்டி எடுக்கிற காலை வந்துவிட்டால் உதட்டைக் கவனிக்கும் காலமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பனி பெய்கிற காற்று ஈரமானதுதானே? அதில் உதடு எப்படிக் காயும்?

நல்ல கேள்வி. பாலாற்றுப் பாலத்தில் எதிரே வரும் லாரி தெரியாத அளவுக்கு மூடுபனி நிற்கும் காலையிலும் உதடு காய்கிறது.

சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்றுக்கு அந்தக் கொள்ளளவு கிடையாது. 16 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் அதில் இருக்கும் நீர் சுமார் 13.5 கிராம்தான். அந்தக் காற்று உங்கள் உதட்டை உரசும்போது சூடாகிறது. உதட்டின் சூடு ஏறக்குறைய 32 டிகிரி என்று வையுங்கள். அந்தச் சூட்டில் அதே காற்றால் 34 கிராம் வரை தாங்க முடியும், கையில் இருப்பதோ 13.5. பாதிக்கும் மேல் காலியான பாத்திரம் அது. பக்கத்தில் எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கிருந்து இழுத்துக்கொள்கிறது. வெளியே பனி சொட்டினாலும் உதட்டோரத்தில் அது காய்ந்த காற்றுதான். பத்து மணிக்கு மேல் பனி விலகி வெயிலும் காற்றும் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

முகம் முழுக்கத் தோல்தானே? உதடு மட்டும் ஏன் வெடிக்கிறது?

உதட்டுத் தோல் மெல்லியது. கன்னத்தின் மேல்தோலில் சுமார் 15, 16 வரிசை செல்கள் காவலுக்கு நிற்கும் இடத்தில் உதட்டில் மூன்று முதல் ஐந்து வரிசைதான். அடியில் ஓடும் ரத்தம் தெரிவதால்தான் அதற்கு அந்தச் சிவப்பே. வேர்வைச் சுரப்பி இல்லை. எண்ணெய்ச் சுரப்பியும் அநேகமாக இல்லை. கன்னமும் மூக்கும் தங்களுக்குத் தாங்களே எண்ணெய் பூசிக்கொள்கின்றன. உதட்டுக்கு அந்த வசதி கிடையாது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடியில் யாரையாவது கேளுங்கள். பதனிட்ட தோலை எண்ணெய் ஏற்றாமல் காயவிட்டால் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும், மடித்தால் வெடிக்கும். எண்ணெய் ஏற்றினால்தான் இழையோடு இழை ஒட்டாமல் செருப்புக்கும் பைக்கும் ஏற்ற மாதிரி வளைந்து கொடுக்கும். உதட்டிலும் நடப்பது அதுவே. ஈரமும் கொழுப்பும் போன மேலடுக்கு விறைக்கிறது. நீங்கள் கொட்டாவி விடுகிறீர்கள், சிரிக்கிறீர்கள், பெரிய கவளமாகப் பிரியாணியை வாயில் வைக்கிறீர்கள். விறைத்தது இழுபடுகிறது, கிழிகிறது. கீழுதட்டின் நடுவில் நெடுக்காக ஒரு கோடு விழுவது பலருக்கும் தெரிந்த வலி.

அப்படியானால் கத்திரி வெயிலில்தான் அதிகம் வெடிக்க வேண்டும்?

அப்போதும் காய்கிறது. ஆனால் கோடையில் தாகம் எடுக்கும், மோரும் நுங்கும் உள்ளே போகும். குளிரில் சொம்புத் தண்ணீர் அப்படியே இருக்கும். அதோடு மேல்தோலில் இருக்கும் கொழுப்பு குளிரில் இறுகி, தோலின் நெகிழ்வு குறைகிறது. தேங்காய் எண்ணெயின் கதைதான். சளி பிடித்து மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுவதும் இந்த மாதங்களில்தான் அதிகம்.

உதடு காய்ந்தால் நாக்கால் ஈரப்படுத்திக்கொள்கிறேன். அது தப்பா?

தப்பு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். குளிரை எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் என் கடைக்கு வரும் மோசமான உதடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அவரவர் நாக்குதான்.

எச்சில் என்பது தண்ணீர் மட்டும் இல்லை. சோற்றில் இருக்கும் மாவுச்சத்தை வாயிலேயே கரைக்க ஆரம்பிக்கும் அமிலேஸ் என்கிற நொதி அதில் இருக்கிறது, உப்புகள் இருக்கின்றன. வாய்க்குள்ளே இருக்கும் சவ்வு அதற்குப் பழகியது. வெளியே, ஏற்கெனவே காவல் குறைந்த தோலில் அதைப் பூசினால் எரிச்சல் வரும். ஆவியாகும்போது அது தன்னோடு இருக்கிற கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் கொண்டுபோகிறது. ஒரு நிமிஷம் சுகம், அப்புறம் முன்பைவிட வறட்சி. மறுபடி நாக்கு வரும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நக்குகிறவருக்கே தெரியாது.

கவுண்டரில் நின்று "எனக்கு அந்தப் பழக்கமே இல்லை" என்று சொன்ன ஒருவர், பில் போட்டு முடிப்பதற்குள் நாலு முறை உதட்டை நக்கினார். நான் எண்ணினேன். சொன்னதும் அவரே சிரித்துவிட்டார், உடனே உதட்டைப் பிடித்துக்கொண்டார் பாவம்.

நிறுத்துவதற்கு மன உறுதி போதாது, உதட்டில் ஏதாவது பூசி இருக்க வேண்டும். வறட்சி தெரியாவிட்டால் நாக்கு வெளியே வராது.

பையனுக்கு வாயைச் சுற்றி வளையம் மாதிரி கறுத்துச் சொரசொரப்பாக இருக்கிறது. படர்தாமரையா?

வளையம் நாக்கு எட்டுகிற தூரத்தோடு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பெரும்பாலும் நக்குவதால் வந்த தடிப்புதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சகஜம். அதட்டினால் ஒளிந்து நக்குவான். வாசலினை உதட்டுக்கு மட்டும் என்றில்லாமல் அந்த வளையம் முழுக்கவும் பூசி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போன வருஷம் தொடையிடுக்குக்கு வாங்கிய, ஸ்டீராய்டு கலந்த படை மருந்தை எடுத்து வாயைச் சுற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் அடங்கின மாதிரி இருக்கும், பிறகு சிவந்த சிறு பருக்களாகத் திரும்பி வந்து மாதக்கணக்கில் படுத்தும்.

படுக்கும்போது நன்றாக இருக்கிறது. எழுந்தால் வெடித்திருக்கிறது. ஏன்?

இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். மூக்கு அடைப்பா? ஃபேன் ஓடுகிறதா?

மார்கழியிலும் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுக் கழுத்து வரை போர்வை இழுத்துக்கொண்டு தூங்குவது நம் ஊர் வழக்கம். குளிருக்குப் போர்வை, கொசுவுக்கு ஃபேன். போர்வைக்கு வெளியே இருப்பது முகம் மட்டும். மூக்கு அடைத்து வாய் திறந்திருந்தால் உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, மேலே சுழலும் காற்று எல்லாம் ஏழெட்டு மணி நேரம் உதட்டின் மேல்தான். கொசுவலை கட்டுங்கள், ஃபேனைக் குறையுங்கள், மூக்கடைப்புக்கு ஆவி பிடியுங்கள். உதட்டில் தடிமனாகப் பூசிக்கொண்டு படுங்கள். ராத்திரி பஸ்ஸில் ஏ.சி. துவாரம் முகத்துக்கு நேராக இருந்தாலும் இதே கதை.

பைக்கில் போவதால் வருமா?

வரும். காற்று வேகமாக அடித்தால் உதட்டருகே நிற்கும் மெல்லிய ஈரப் படலம் துடைத்தெடுக்கப்படுகிறது. ஈரத்துணி காற்றில் சீக்கிரம் காய்வதைப் போல. விடிகாலையில் பள்ளிகொண்டாவிலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ நெடுஞ்சாலையில் வேலைக்கு வருபவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டாலே பாதி பிரச்சினை தீரும். ஏலகிரி, ஜவ்வாது மலைக்கு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மலை மேல் அடிவாரத்தைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும், பகல் வெயிலும் சுள்ளென்று அடிக்கும். இரண்டும் உதட்டுக்கு ஆகாது.

உடம்புச் சூடுதான் காரணம் என்று அம்மா சொல்கிறாரே?

சூடு என்று நம் வீடுகளில் சொல்வதற்குள் பல விஷயம் அடங்கும். தண்ணீர் குறைவு, தூக்கம் கெட்டது, காரம் அதிகம். அந்த அளவில் அம்மா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் வெறும் வறட்சியில் வெடித்த உதடு, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினால் ஆறாது. ஊறுகாயையும் கார வறுவலையும் கொஞ்ச நாள் குறைத்தால் எரிச்சல் நிற்கும், அவ்வளவே.

நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா?

உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் ஆகும். இல்லாவிட்டால் நாலு லிட்டர் குடித்தாலும் அது உதட்டின் மேலடுக்குக்கு வந்து நிற்காது, வேறு வழியாகப் போகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள்.

தொப்புளில் எண்ணெய் வைத்தால் உதடு வெடிக்காதாமே?

வாட்ஸ்அப் இல்லாத காலத்திலிருந்தே இது இருக்கிறது. கருவில் இருந்தபோது தொப்புள் கொடியின் ரத்தக் குழாய்கள் வேலை செய்தன. பிறந்த பிறகு அவை மூடி நார்போல ஆகிவிடுகின்றன. தொப்புளிலிருந்து உதட்டுக்கு வாய்க்கால் எதுவும் இல்லை. வைத்தால் கெடுதல் இல்லை. ஆனால் எண்ணெயைக் கையில் எடுத்தபின் அதை நேராக உதட்டில் தடவலாமே என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, என்ன தடவலாம்? வெண்ணெய், நெய், தேன், வாசலின்?

இருப்பதிலேயே விலை குறைவானதும் நம்பகமானதும் சாதா பெட்ரோலியம் ஜெல்லி, வாசலின் என்று நாம் கேட்டு வாங்குவது. வாசனை, நிறம் சேர்க்காத வெள்ளை ஜெல்லி. அது தோலுக்குள் எதையும் ஊட்டுவதில்லை, மேலே மூடியாக இருந்து ஈரம் பறக்காமல் காக்கிறது. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடத்தில் குழாய்களில் படிந்த மெழுகைத் தொழிலாளிகள் காயத்தில் பூசிக்கொள்வதைப் பார்த்து, ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் சுத்தப்படுத்தி 1872இல் காப்புரிமை வாங்கிய பொருள் அது. நூற்றைம்பது வருஷம் கழித்தும் தோல் மருத்துவர்கள் அதையே எழுதித் தருகிறார்கள்.

பூசும் விதம் முக்கியம். காய்ந்த உதட்டில் பூசினால் காய்ந்ததைத்தான் மூடி வைக்கிறீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். காலை, சாப்பிட்ட பின், வெளியே கிளம்புமுன், படுக்குமுன். ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசிவிட்டு "கேக்கல" என்றால் மருந்து என்ன செய்யும்?

வெண்ணெயும் நெய்யும் வேலை செய்யும். அவற்றின் குறை ருசி. பிள்ளைகள் பூசின ஐந்தாவது நிமிஷம் நக்கிவிடுவார்கள், பிரச்சினை திரும்ப நாக்குக்கே வந்துவிடும். தேங்காய் எண்ணெய் நல்லது, ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். தேன் பிசுபிசுக்கும், அதையும் நக்கத் தோன்றும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் உதட்டில்கூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கிளிசரின் ஈரத்தை இழுத்து வைப்பது. தனியாகப் போட்டால் காய்ந்த காற்றில் உள்ளிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் அதன் மேல் ஜெல்லி பூசுங்கள்.

வங்காளத்துக்காரர்கள் கேட்கிற பச்சை டியூப் நமக்கும் ஆகுமா?

போரோலினைச் சொல்கிறீர்கள். 1929இல் கொல்கத்தாவில் தொடங்கியது. அங்கிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள் குளிர்காலத்தில் அது இல்லாமல் இருக்க மாட்டார்கள். கை கால் வெடிப்புக்கு நன்றாகக் கேட்கும். அதில் போரிக் அமிலம் இருக்கிறது, விழுங்கும் பொருள் இல்லை. அதனால் உதட்டில் மெலிதாகப் பெரியவர்கள் போடலாம், சின்னக் குழந்தைக்கு நான் தருவதில்லை.

லிப் பாம் போடப் போட இன்னும் காய்கிறதே?

டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். மெந்தால், கற்பூரம், பட்டை வாசனை, சாலிசிலிக் அமிலம் என்று எழுதியிருந்தால் தூக்கி ஓரமாக வையுங்கள். ஜில்லென்று இருப்பது குணம் இல்லை, எரிச்சலின் இன்னொரு முகம். எரிந்தால் காயும், காய்ந்தால் பூசுவோம், பூசினால் எரியும். "இன்னாண்ணா, விறுவிறுன்னு இருந்தாத்தான மருந்து?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். இல்லை. உதட்டைப் பொறுத்தவரை ஒன்றுமே தெரியாமல் இருப்பதுதான் நல்ல மருந்து.

தொங்குகிற தோலை உரிக்கலாமா?

கூடாது. அடியில் இன்னும் ஆறாத தோல் இருக்கிறது. கத்தரிக்கோலால் நுனியை மட்டும் வெட்டுங்கள். சர்க்கரை போட்டுத் தேய்ப்பதும் வெடிப்பு இருக்கும்போது வேண்டாம்.

வாய் ஓரத்தில் வெடிக்கிறது. பி காம்ப்ளெக்ஸ் போதுமா?

இது வேறு விஷயம். உதட்டில் வருவது வறட்சி, கடைவாயில் வருவது பெரும்பாலும் எச்சில் தேங்கி ஊறி அதில் பூஞ்சையோ பாக்டீரியாவோ சேர்வது. பல் விழுந்து கன்னம் ஒடுங்கிய தாத்தா பாட்டிகளுக்கும், பல்செட் சரியாகப் பொருந்தாதவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதிகம். பி2, பி12, இரும்புச்சத்துக் குறைந்தாலும் வரும். அப்படிக் குறைந்தவர்களுக்கு மாத்திரை கேட்கும். ஆனால் எந்த உதட்டுக்கும் ஒரு அட்டை பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. எனக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: வெளிறிப்போய், படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை. ஓரப் புண் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

சின்னச் சின்னக் கொப்புளமாக, கொத்தாக வந்தால்?

அது வெடிப்பு இல்லை. முதல் நாள் சுருக் சுருக்கென்று குத்தி, மறுநாள் நீர்கோத்த கொப்புளமாக வந்தால் ஹெர்பிஸ் வைரஸ். காய்ச்சல், வெயில், அலைச்சலுக்குப் பிறகு தலைதூக்கும். தொற்றும். அது ஆறும்வரை கைக்குழந்தையை முத்தமிட வேண்டாம்.

குளிர் போய் மாசி பிறந்தும் ஆறவில்லை. வேறு என்ன காரணம் இருக்கும்?

பற்பசையை மாற்றிப் பாருங்கள். நுரைக்காகச் சேர்க்கும் பொருளும் பட்டை, புதினா வாசனையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புது லிப்ஸ்டிக்கையும் சந்தேகப்படலாம். கல்லூரிப் பிள்ளைகள் பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உதட்டைக் காயவைக்காமல் விடாது, எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு, பீடி, ஹான்ஸ் எல்லாம் கணக்கில் உண்டு.

வெயிலை மறந்துவிடுகிறோம். கொத்தனார், விவசாயி, சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் என்று வருஷக்கணக்கில் வெயிலில் நிற்பவர்களின் கீழுதடு வெளுத்து, செதில் செதிலாகி, உதட்டுக்கும் தோலுக்கும் உள்ள விளிம்புக் கோடு மங்கலாம். இது வெயில் செய்த சேதம், பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. வெயிலைத் தடுக்கும், எஸ்.பி.எஃப். 30 என்று போட்ட லிப் பாம் இவர்களுக்கு ஆடம்பரம் இல்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒழுங்காகப் பூசியும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால். ஒரே இடத்தில் மட்டும் புண், தடிப்பு, வெள்ளைத் திட்டு இருந்தால், முக்கியமாகப் புகையிலை போடுபவர் என்றால், அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். சீழ், வீக்கம் இருந்தால் அன்றே.

குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை, உதடு ரத்தச் சிவப்பாக வெடித்திருக்கிறது, கண் சிவந்து, உடம்பில் தடிப்பும் கை கால் வீக்கமும் இருக்கிறது என்றால் பனி வெடிப்பு என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கவாசாகி என்கிற நோயாக இருக்கலாம், இதயத்தின் ரத்தக் குழாயைப் பாதிக்கக்கூடியது, சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது.

தை மாதம் கல்யாணம். இன்னும் பத்து நாள்தான். பெண்ணுக்கு உதடு இப்படி இருக்கிறதே?

பத்து நாள் போதும். இன்றிலிருந்து எந்த லிப்ஸ்டிக்கும் வேண்டாம், மேட் வகை கூடவே கூடாது. மேலே சொன்ன மாதிரி ஈர உதட்டில் ஜெல்லி, நாளைக்கு ஐந்தாறு முறை, ராத்திரி தடிமனாக. முகூர்த்தத்தன்று மேக்கப் போடுபவர் வருவதற்கு அரை மணி முன்னால் ஜெல்லி பூசி, அவர் தொடங்கும்போது துடைத்துவிடச் சொல்லுங்கள். சின்ன டப்பா ஒன்றைத் துணைப்பெண்ணின் கையில் கொடுத்து வையுங்கள். ஹோமப் புகைக்கு எதிரே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், நடுவில் பெண் உதட்டை நக்குகிறாளா என்று பார்க்கும் வேலையும் அவளுக்கே.